சுமையில்லாத ஓட்டம்

குறுவை நடவு தொடங்கிவிட்டால்
நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் எரிகிற மோட்டாரெல்லாம்
என் கடை வாசலில்தான் வந்து கிடக்கும்.
கருகிய கம்பியை உருவி, தாள் செருகி, புதுக்கம்பி சுற்றி,
வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கும் இரவுகளில்
தூங்க முடியாது. அடுப்புச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.
அதற்காகத்தான் ரெக்கார்டு பிளேயர்.
ரசிகன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முந்திரி பிடிக்க பிசாவு வரை போய்வரும்
கூத்தாநல்லூர் ஹபீபுல்லா
மாதிரிக் கொட்டைச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுவந்தார் இந்தத் தட்டை.
புது அச்சு. கையில் கனத்தது. சாக்கு நெடி இன்னும் போகவில்லை.
அட்டையில் ஒருவன் கித்தாரை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான்,
தண்ணீரில் இறங்குகிறவன் துணியைத் தூக்குவது போல.
பின்பக்கத்து பிரெஞ்சை ஹபீபுல்லா படித்துச் சொன்னார்:
ஃபொதே மாரா. எழுபத்து மூன்றில்
ஒரு சின்ன வானொலி நிலையத்தில் ஒரே இரவில் பதிந்தது.
முந்நூறு தட்டு போட்டார்கள். பாதிக்கு மேல் கிடங்கில் நனைந்தது.
பாடுவது தம்பி, வயது பதினாலு.

மதகு திறந்ததும்
வறண்ட வாய்க்காலில் முதலில் சருகும் நுரையும் முட்டிக்கொண்டு ஓடிவருமே,
அப்படி வந்தது கித்தார்.
தண்ணீர் பின்னால்தான் வந்தது.

ஆனால் என் காது வேறு காது.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
அடியில் ஓர் இரைச்சல்.
வாசல் டிரான்ஸ்பார்மரும் அதே ஊங்காரம்தான்,
என்றாலும் ஒன்றோடொன்று சேரவில்லை.
இரண்டும் உரசி நொடிக்கு ஆறு தரம் துடித்தன.
நூற்றுக்கு ஆறு.
நம் ஊர் மின்சாரம் ஐம்பது என்றால் இது ஐம்பத்து மூன்று.

முதலில் என் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன்.
தட்டில் சாக்பீஸ் புள்ளி வைத்து, கடிகாரம் பார்த்து எண்ணினேன்.
முப்பத்து மூன்றும் சொச்சமும். பிழையில்லை.
அப்படியானால் பழைய நாடாவை
வேகமாக ஓட்டி அச்சடித்திருக்கிறார்கள்.
ஓரத்தில் விரலை லேசாக வைத்து அழுத்தினேன்.
துடிப்பு மெதுவாகி, மெதுவாகி, நின்றது.
உள்ளேயும் வாசலிலும் ஒரே ஊங்காரம்.
கித்தார் இளகியது.
தம்பிக்கு மீசை முளைத்தது.

அன்றிரவு எனக்கு இருந்த கர்வத்தை
என் மனைவி செபஸ்தியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.
ஹபீபுல்லாவைப் பிடித்து கம்பெனிக்குக் கடிதம் போடவைத்தேன்:
ஐயா, உங்கள் தட்டு அரைச் சுருதி ஏறியிருக்கிறது,
அடுத்த அச்சில் திருத்தவும்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது.
நன்றி. கவனிக்கிறோம். ஆனால் ஒன்று:
அன்றிரவு ஊரில் கரண்ட் இல்லையாம்.
நிலையத்து டீசல் ஜெனரேட்டரில் பதிந்ததாக
எண்ணெய் ஊற்றினவர் சொல்கிறார். அது என்ன வேகத்தில் ஓடியதோ
அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.
வலங்கைமான் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கு
நான்தான் ஆள்.
பந்தி முடிந்து, ஏசி நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பி,
மேடையில் ஒற்றை விளக்கு மட்டும் எரியும்போது
அது ஐம்பதில் நிற்காது.
இழுக்க ஆளில்லாத மாடு மாதிரி
இரண்டு, மூன்று ஏறி ஓடும்.

ஐம்பத்து மூன்று என்றால்
அந்தப் பெரிய எந்திரத்தில் தொங்கியது
ஒரு நாடாப் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர்,
இருந்தால் ஒரு பல்பு.
வெளியே ஊர் முழுக்க இருட்டு.
நாடாவில் பிழையில்லை.
பதினாலு வயது பதினாலுதான்.

திருத்த வேண்டாம் என்று எழுதச் சொல்லணும்.
ஹபீபுல்லா திரும்பவும் பிசாவு போய்விட்டார்,
போன் எடுக்கவில்லை.
அதற்குள் யாராவது என் பேச்சைக் கேட்டு
அந்தப் பையனைப் பெரியவனாக்கிவிடப் போகிறார்கள்.

விடிகாலை நாலுக்கு மும்முனை வந்தது.
அடுப்பிலிருந்து ஆதனூர்க்காரர் மோட்டாரை எடுத்து
வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தேன்.
தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
விரலில் சாக்பீஸ் தூள்.